வேலை தேடி எல்லோரும் வரும் ஊரிலிருந்து நர்சுகள் ஏன் கிளம்புகிறார்கள்?

திருப்பூருக்கு வேலை கேட்டு ஆள் வராத மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை. தேனி, திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து ஒரு தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள் இங்கேயே வீடு கட்டிப் பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் தோளில் பையோடு ரயிலடியில் இறங்குகிறார்கள். தொழில் தெரியாமல் வந்தாலும் கைமடிக்கவாவது ஒரு கம்பெனி சேர்த்துக்கொள்ளும். பிழைக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பாத ஊர் இது. இந்த ஊரில்தான், படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு வாங்கி, உயிர் காக்கும் வேலை கையில் பழகிய பெண்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்கள்.

நான் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சார்ஜ் சிஸ்டர். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துத்தான் என்னை ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படிக்கவைத்தார். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களும் என்னிடம் வேலை கற்றவர்களும் இன்று பர்மிங்காமில் இருக்கிறார்கள், டப்ளினில் இருக்கிறார்கள், ரியாத்திலும் குவைத்திலும் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தி கிளம்பும்போதும் அக்கம்பக்கத்தில் கேட்பது ஒரே கேள்வி: "இங்கெ வேலை இல்லீங்களா அம்முணி? எதுக்கு அத்தனை தூரம்?" கேட்பவர்களிடம் பதிலும் தயாராக இருக்கும். பணத்தாசை என்பார்கள். உடன் வேலை பார்த்து, இரவெல்லாம் பேசிக் கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பதில் சரியல்ல. பணம் ஒரு காரணம். ஆனால் அந்தப் பணத்தின் பின்னால் இருக்கும் விஷயத்தைத்தான் ஊர் பார்க்க மறுக்கிறது.

பணத்தையே முதலில் பேசிவிடலாம். எங்கள் பக்கத்தில் நடுத்தர அளவுள்ள தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்சுக்கு மாதம் 12,000 முதல் 15,000 ரூபாய் கிடைக்கும். நாலைந்து வருஷம் ஐ.சி.யு. பார்த்தவள் 20,000-ஐத் தொட்டால் பெரிய விஷயம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷப் படிப்பு. தனியார் கல்லூரி என்றால் கட்டணம், விடுதி எல்லாம் சேர்ந்து லட்சக்கணக்கில் போகும். பாதிப் பிள்ளைகள் கல்விக் கடனில் படித்தவர்கள். தவணை கட்டி, ஹாஸ்டல் வாடகை கொடுத்து, வீட்டுக்கு நாலாயிரம் அனுப்பினால் மாதக் கடைசியில் பஸ்ஸுக்குக் காசு எண்ணவேண்டியிருக்கும்.

அதே தெருவில் பவர்டேபிள் ஓட்டும் தையல்காரர் பீஸ்ரேட்டில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால், சீசனில் மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் சனிக்கிழமைச் சம்பளமாகக் கைக்கு வந்துவிடுகிறது. அது அவருக்கு அதிகம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் குனிந்த கழுத்தை நிமிர்த்தாமல் உழைத்து வாங்கும் கூலி அது. நான் பார்த்து ஏங்குவது அந்தத் தொகையை அல்ல, அந்தக் கணக்கை. கம்பெனியில் சாயங்காலத்துக்கு மேல் ஓடும் நாலு மணி நேரம் அரை ஷிப்டாக ஏறும். தைத்த ஒவ்வொரு பீஸும் எண்ணப்படும். எங்கள் வேலையில் அடுத்த டூட்டிக்கு ஆள் வராவிட்டால் இருப்பவளே தொடரவேண்டும். அதற்கு "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சிஸ்டர்" என்று பெயர். பதிலுக்கு ஒரு நாள் ஆஃப் தருவதாகச் சொல்வார்கள். அந்த ஆஃப் வரவேண்டிய வாரத்தில் இன்னொருத்தி ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பாள். ஆஃப் அப்படியே கரைந்துபோகும்.

இந்த வேலையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, எங்கள் ஊருக்கே உரிய ஒரு காயத்தைச் சொல்கிறேன். பவர்டேபிளில் துணியைத் தள்ளும்போது விரல் உள்ளே போய்விட்டால், ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி உள்ளேயே உடைந்துவிடும். கைக்குக் கிடைத்த பனியன் வேஸ்டை விரலில் சுற்றிக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருவார்கள். அந்தத் துணியை வெடுக்கென்று பிரிக்கக்கூடாது. காய்ந்த ரத்தத்தோடு நூல் ஒட்டியிருக்கும். சலைன் ஊற்றி ஊறவைத்து இழை இழையாக எடுக்கவேண்டும். விரல் நுனி வெளுத்திருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஊசி எலும்பில் ஏறியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கவேண்டும். உடைந்த மீதித் துண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தால் நல்லது. புது ஊசியோடு வைத்துப் பார்த்தால் உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். அதற்குள் விரலின் இரண்டு பக்கமும் மரத்துப்போகப் போடும் ஊசி, டி.டி., ட்ரே எல்லாம் தயாராக வேண்டும். வந்தவர் தமிழ் தெரியாத ஒடியாப் பையனாக இருந்தால், வலியைக் கண்ணைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும்.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒரு விதி உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, ரெஜிஸ்டரில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். வெளிநாட்டுக் குழந்தை போடும் சட்டையில் ஊசித் துண்டு போய்விடக் கூடாதல்லவா? அதனால் விரலிலிருந்து எடுத்த துண்டையும் சூப்பர்வைசர் கேட்டு வாங்கிப்போவார். அது சரியான விதி. ஒரு ஊசித் துண்டுக்கு இவ்வளவு கணக்கு வைக்கத் தெரிந்த ஊருக்கு, நர்சின் ஒரு இரவை எழுதிவைக்கத் தெரியாமலா போகும்? தெரியும். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் கை நீட்டும் முன்பே வேண்டியதை எடுத்துக்கொடுக்கும் பழக்கம் ஒரு பெண்ணுக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். அந்தப் பழக்கம் வந்த கையோடு அவள் கிளம்பிவிடுகிறாள். வெளிநாட்டு மருத்துவமனைகளும் அந்த இரண்டு வருஷ அனுபவத்தைத்தான் கேட்கின்றன.

"கவர்ன்மென்ட் வேலைக்குப் போகலாமே" என்பார்கள். போகத்தான் ஆசை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் பரீட்சை வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை எடுத்தது. மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லப்பட்டது. இரண்டு வருஷம் முடிந்தும் நடக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்சுகள் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு ஊதியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். ஒரு பகுதியினரை நிரந்தரமாக்கினார்கள். கொரோனா காலத்தில் அவசரமாக எடுத்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்றார்கள். ஊரடங்கில் திருப்பூர் கம்பெனிகள் பனியனை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு உடையும் முகக்கவசமும் தைத்தன. அந்த உடைக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவர்களில் பலருக்குக் கிடைத்த முடிவு இது. திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தபோது எங்கள் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் பரீட்சை எழுதி, வரிசையில் நின்று, ஒப்பந்தத்தில் வருஷங்களைக் கழித்து நிரந்தரமாவதற்குள் ஒருத்தி லண்டன் போய்ச் சேர்ந்து, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டுவிடுகிறாள்.

தனியார் மருத்துவமனைகளுக்கு வருவோம். பெரும்பாலான வாசகர்களுக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்காது. இந்தியப் பயிற்சி பெற்ற நர்சுகள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 ஜனவரி 29-ல் ஒரு தீர்ப்பு வாங்கியது. அதன்படி மத்திய அரசு குழு அமைத்தது. அந்தக் குழு சொன்னது இதுதான்: 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனை, மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம் தரவேண்டும். 100 படுக்கைக்கு மேல் இருந்தால் பத்து சதவீதம் வரை குறையலாம். 50 முதல் 100 வரை என்றால் இருபத்தைந்து சதவீதம் வரை குறையலாம். 50-க்கும் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளத்தில் நர்சுகள் சங்கமாகத் திரண்டு போராடினார்கள். 2018 ஏப்ரலில் அந்த மாநில அரசு குறைந்தபட்சச் சம்பளத்தை 20,000 ரூபாய் ஆக்கி ஆணை வெளியிட்டது. நம் பக்கத்தில் அந்தப் பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. நான் மேலே சொன்ன 12,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, நோயாளிக் கணக்கு. வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தனியாக ஒரு நர்ஸ் என்பது பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட நியதி. எங்கள் இரவு டூட்டியில் ஒரு பெண் வென்டிலேட்டர் நோயாளியையும் பார்த்து, பக்கத்து இரண்டு பெட்டையும் பார்த்து, அட்மிஷன் வந்தால் கேஸ் ஷீட்டும் போடுவாள். வார்டில் நிலைமை இன்னும் மோசம். இருபது பேருக்கு மேல் இருக்கும் வார்டில் இரண்டு பேர் நிற்பார்கள், அதிலும் ஒருத்தி நேற்றுச் சேர்ந்தவளாக இருப்பாள். டிரிப் தீர்ந்தது, பி.பி. ஏறியது, கூட இருப்பவர் சண்டைக்கு வந்தார் என்று ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். விடிந்தபோது நாலு பேரிடம் முகம் கொடுத்துப் பேசியிருந்தால் அது நல்ல இரவு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா போகிறவர்கள் பலர் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறார்கள். அதில் பேச்சுத் தேர்வு இரண்டு நாடகக் காட்சிகள் போல இருக்கும். ஒரு சீட்டைக் கொடுப்பார்கள், படித்துத் தயாராக மூன்று நிமிஷம். எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். சர்க்கரை ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படுகிறார், அல்லது ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம் பேசவேண்டும். மொழிக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. அவருடைய பயத்தைக் கேட்டோமா, குறுக்கே பேசாமல் இருந்தோமா, அவருக்கு முன்பே என்ன தெரியும் என்று விசாரித்தோமா, சொன்னது புரிந்ததா என்று உறுதிசெய்தோமா என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. எங்கள் பிள்ளைகள் டூட்டி முடித்துவிட்டு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து இதை ஒத்திகை பார்ப்பார்கள். நானும் எத்தனையோ முறை நோயாளியாக நடித்திருக்கிறேன். ஒரு நாள் ஊத்துக்குளிப் பெண் ஒருத்தி நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நெசமாலுமே ஒரு பேஷண்ட் கிட்ட அஞ்சு நிமிஷம் உக்காந்து நான் பேசுனதே இல்லீங்க்கா." அவள் இரக்கமில்லாத பெண்ணல்ல. அவளுக்கு யாரும் அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுத்ததில்லை. படித்த படிப்பை முழுசாகச் செய்துபார்க்க ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையும் அந்த விமான டிக்கெட்டில் இருக்கிறது. சம்பளத்தை மட்டும் பேசுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

மரியாதை என்பதும் சும்மா இல்லை. வரன் பார்க்க வந்த இடத்தில் "நைட் டூட்டி பாக்குற பொண்ணுங்களா?" என்று கேட்டுவிட்டுக் காபியோடு எழுந்துபோனவர்களை எங்கள் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அதே பெண் யு.கே. விசா வாங்கியதும், அதே வட்டாரத்திலிருந்து ஜாதகம் வருகிறது. வேலை மாறவில்லை. இங்கே செய்த அதே வேலைதான். பதினைந்து வருஷம் வேலை பார்த்தாலும் தனியாரில் ஸ்டாஃப் நர்ஸ், இன்சார்ஜ் என்று இரண்டு படிதான். அதற்கு மேல் ஏறப் படியில்லை. பிரிட்டனில் படிகள் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. எத்தனை வருஷத்தில் என்ன சம்பளம் என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. திருப்பூர் வீடுகள் ஒரே தொழிலை நம்பி நிற்பவை. 2011 ஜனவரியில் நொய்யல் மாசுக்காக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது என்று எங்கள் தலைமுறைக்கு நினைவிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது. ஆர்டர் நின்றது, ஷிப்ட் குறைந்தது. அந்த மாதங்களில் எங்கள் வார்டில் பாஸ்போர்ட் பேச்சு கூடியது தற்செயல் அல்ல. அப்பா கட்டிங் மாஸ்டர், அண்ணன் அயர்னிங், அம்மா பேக்கிங் என்று எல்லோரும் பனியனில் இருக்கும் வீட்டில், பனியனோடு சம்பந்தமில்லாத ஒரு வருமானம் மகளுடைய படிப்பில் இருக்கிறது. அதைப் பவுண்டில் சம்பாதிக்கலாம் என்றால் வீடே உட்கார்ந்து யோசிக்கத்தான் செய்யும்.

நர்சுகள் வெளிநாடு போவது புதிதல்ல. கேரளத்துப் பெண்கள் 1960-களிலேயே கிறிஸ்தவ சபைகள் மூலம் ஜெர்மனிக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய இடம்; அங்கே படித்தவர்கள் உலகமெங்கும் போனார்கள். கொங்குப் பக்கம் இது பிந்தித்தான் வந்தது. தோட்டமும் தறியும் பனியனும் இருந்ததால் பெண்ணை நர்சிங் படிக்கவைக்கும் எண்ணமே வெகுநாள் வரவில்லை.

சரி, போகும் வழி எப்படி? முதலில் தாள்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட், சென்னையில் நர்சிங் கவுன்சிலில் குட் ஸ்டாண்டிங் சான்று, வேலை பார்த்த இடங்களில் அனுபவக் கடிதம். சில மருத்துவமனைகள் சேரும்போதே அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் வேலை பார்ப்பேன் என்று எழுதி வாங்கிய பாண்டு முடியாமல் தரமாட்டோம் என்று மிரட்டும். இது அநியாயம், சான்றிதழ் அதைப் படித்து வாங்கிய பெண்ணுக்குச் சொந்தம். வளைகுடா என்றால் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பும் புரோமெட்ரிக் தேர்வும் வேண்டும். மொழித் தேர்வின் சுமை அங்கே குறைவு, சம்பளத்துக்கு வரியில்லை, சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அது ஒப்பந்த வேலை. வருஷம் எத்தனை ஆனாலும் அந்த நாட்டுக்காரி ஆவது மிக அரிது. பிரிட்டன் என்றால் ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போன பிறகு ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு. ஜெர்மனி என்றால் பி2 நிலை வரை ஜெர்மன் மொழி. டூட்டி முடித்து வந்து இரவு பத்து மணிக்கு ஆன்லைனில் இலக்கணம் படிக்கும் பெண்களைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கும். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு உண்டு. தேர்ச்சி பெற்றாலும் இந்தியர்களுக்கான பச்சை அட்டை வரிசை மிக நீளம்.

அங்கே சொர்க்கமா என்றால், இல்லை. 2025-ல் பிரிட்டனில் தொடக்கநிலை நர்சின் ஆண்டுச் சம்பளம் சுமார் 31,000 பவுண்டாக இருந்தது. நம் பணத்தில் பெருக்கினால் 35 லட்சத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனால் செலவும் பவுண்டில்தான். வரி, ஓய்வூதியப் பிடித்தம், வாடகை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு எல்லாம் போக மிஞ்சுவது ஊரார் நினைப்பதில் சிறு பங்கு. பத்துப் பதினைந்து வருஷம் இங்கே ஐ.சி.யு. பார்த்தவளும் அங்கே முதல் படியிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஜெர்மனியில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் நர்சின் வேலை. இங்கே ஆயாம்மா செய்யும் வேலை அது. முதல் மாதங்களில் பலர் போனில் அழுதிருக்கிறார்கள். பிறகு அவர்களே, "அக்கா, குளிப்பாட்டும்போதுதான் நோயாளியை முழுசாத் தெரிஞ்சுக்க முடியுது" என்று சொன்னதும் உண்டு.

ஆபத்தும் இருக்கிறது. 2014-ல் ஈராக்கின் திக்ரித்தில் போருக்கு நடுவே சிக்கிய 46 இந்திய நர்சுகள் ஜூலை 5-ஆம் தேதி கொச்சி வந்து இறங்கினார்கள். கேரளத்துப் பெண்களோடு நம் தூத்துக்குடிப் பெண் ஒருவரும் அதில் இருந்தார். அடுத்த வருஷமே குவைத் வேலைக்கு நர்சுகளிடம் லட்சக்கணக்கில் கறந்த மோசடி வெளியே வந்து சி.பி.ஐ. வழக்கானது. அதே வருஷம் மத்திய அரசு, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்பலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதற்கு 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தனியார் ஏஜென்ட் என்றால், பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடுங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சங்களில் பேசுகிறவரிடம் பேச்சையே நிறுத்திக்கொள்ளுங்கள். பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலை என்று பல லட்சம் கொடுத்துப் போய், அங்கே வேலையே இல்லாமல் நின்ற நர்சுகள் உண்டு. 2025 ஜூலையில் பிரிட்டன் அந்தப் பராமரிப்பாளர் விசாவில் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. இன்னும் அதற்குப் பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார். பதிவு பெற்ற நர்சுக்கான வழி வேறு. அது திறந்தே இருக்கிறது. நல்ல முதலாளி நர்சிடம் காசு கேட்கமாட்டார்.

நானும் யோசித்தவள்தான். இப்போதும் யோசிக்கிறேன். பல வருஷம் பஞ்சுத் தூசியில் நின்ற அம்மாவுக்கு மூச்சிரைப்பு. மழைக்காலத்தில் இரவில் நெபுலைசர் வைக்க ஒருவர் பக்கத்தில் வேண்டும். அதனால் இருக்கிறேன். போன பெண்கள் அம்மாவை விட்டுவிட்டுப் போனவர்கள் என்று யாரும் பேசினால் நான் சும்மா இருப்பதில்லை. அம்மாவின் மருந்துச் செலவுக்காகவே போனவர்கள் அவர்களில் உண்டு. இருப்பதும் அன்புதான், போவதும் அன்புதான்.

ஆனால் போவதால் இங்கே என்ன ஆகிறது என்பதைச் சொல்லாமல் இருக்கமுடியாது. வெளிநாடுகளுக்கு நர்சுகளை அனுப்புவதில் பிலிப்பைன்சுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. நம் நாட்டிலோ ஆயிரம் பேருக்கு இரண்டு நர்சுகள் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். மூன்று பேராவது வேண்டும் என்பது கணக்கு. வெளிநாடுகள் ஏழை நாட்டு நர்சுகளை இப்படி வளைத்துப் போடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே ஒரு நெறிமுறை எழுதியது. பற்றாக்குறை மிகுந்த நாடுகளுக்கென்று ஒரு பாதுகாப்புப் பட்டியலும் வைத்திருக்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வந்து எடுத்துக்கொள்ள யாருக்கும் தடையில்லை. எங்கள் ஐ.சி.யு.வில் கை பழகியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவளுக்கு நேற்றுச் சேர்ந்தவள் சொல்லிக்கொடுக்கிறாள். நோயாளியின் மூச்சு மாறுவதை மானிட்டர் கத்துவதற்கு முன்பே பார்த்துச் சொல்லும் கண், புத்தகத்தில் வராது. மூத்தவள் பக்கத்தில் நின்று காட்டினால்தான் வரும். அந்த மூத்தவளைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். ஊசி ஏறிய விரலோடு நாளை உங்கள் வீட்டுப் பையன் வரும்போது, டேபிளின் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பது இந்த ஊருக்கு முக்கியம்.

போகிறவர்களைத் தடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. பாண்டு போட்டும் சான்றிதழைப் பூட்டியும் யாரையும் நிறுத்திவைக்க முடியாது, நிறுத்தவும் கூடாது. இருக்க நினைக்கிறவர்கள் இருக்கும்படி செய்யவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. தமிழ்நாடு அரசு, கேரளம் செய்ததுபோல அந்தச் சம்பளப் பரிந்துரையை ஆணையாக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் நிற்கும் நர்சுகளை நிரந்தரமாக்க வேண்டும். எங்கள் ஊரில் மருத்துவமனை நடத்துகிறவர்கள் ஆணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கம்பெனி ஓவர்டைமுக்கு ரெஜிஸ்டர் வைத்திருப்பதுபோல நர்சின் கூடுதல் டூட்டிக்கும் ஒரு ரெஜிஸ்டர் போடுங்கள். அடுத்த மாதச் சம்பளத்திலேயே அதைச் சேர்த்துக் கொடுங்கள்.